படிக்கும்போதே ஃபங்ஷன் போட்டோகிராஃபர் ஆவது எப்படி

கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷமே வீட்டில் நச்சரித்து கேமரா வாங்கி, கடைசி வருஷம் அதை ஓஎல்எக்ஸில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர். மூவரும் மோசமாகப் படம் எடுத்தவர்கள் இல்லை. பூ, பூனை, மழைத்துளி எல்லாம் அழகாகத்தான் எடுத்தார்கள். ஆனால் பூ நாம் ஃபோகஸ் பண்ணும்வரை காத்திருக்கும், குத்துவிளக்கு ஏற்ற வந்த சிறப்பு விருந்தினர் காத்திருக்க மாட்டார். ஃபங்ஷன் எடுப்பவருக்கு வேண்டிய முதல் திறமை, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருப்பது. கேமரா ஞானமெல்லாம் அதற்கு அப்புறம்தான், கேமரா கடைக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அதனால் ஆரம்பிக்க வேண்டிய இடம் உங்கள் துறையின் சிம்போசியம். கேலி இல்லை. மாதத்துக்கு ஒரு கருத்தரங்கு, ஒரு பயிலரங்கு, ஒரு என்எஸ்எஸ் முகாம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், வெளிச்சம் கேவலமாக இருக்கும், படம் சொதப்பினாலும் யாருடைய வாழ்க்கையும் கெட்டுப்போகாது. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கல்லூரியில் போட்டோகிராஃபி கிளப் இருந்தால் சேருங்கள், பல கிளப்களில் பொதுக் கேமரா ஒன்று இருக்கும். இல்லையென்றால் நிகழ்ச்சி ஒருங்கிணைக்கும் ஆசிரியரிடம் நேராகப் போய், "சார், அன்னைக்கு நான் போட்டோ எடுக்கட்டுமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன ஆசிரியரை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்த வேலைக்கு ஆள் தேடி அலைவதே அவர்தான். கேட்கும்போதே ஓடியும் (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு) கேட்டுவிடுங்கள். 75 சதவீத வருகைப்பதிவு குறைந்தால் தேர்வெழுத விடாமல் நிறுத்துவது உங்களைத்தான், கேமராவை இல்லை. ஓடி லெட்டரில் நிகழ்ச்சிக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள், நிகழ்ச்சி முடிந்தபிறகு அந்த ஆசிரியரைப் பிடிப்பது கஷ்டம்.

நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே வாங்கிப் படியுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மலர் வெளியீடு, சிறப்புரை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண். நூறு நிகழ்ச்சிக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் நிற்க வேண்டிய இடம் வேறு. என் முதல் சிம்போசியத்தில் நான் மேடைக்குக் கீழே நின்றுகொண்டு குத்துவிளக்கு ஏற்றுவதை எடுத்தேன். கிடைத்தது ஐந்து முதுகுகளும் ஒரு புகையும். விளக்கை வட்டமாகச் சூழ்ந்து நிற்பார்கள், ஆகவே நீங்கள் மேடைமேல், விளக்குக்குப் பின்பக்கம் போய் நின்றிருக்க வேண்டும், அதுவும் அவர்கள் எழுந்து வருவதற்கு முன்பே. மெழுகுவர்த்தி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும், ஐந்து பேருக்கும் தனித்தனியாக ஒரு படம் வேண்டும், துறைத்தலைவர் ஏற்றும்போது நீங்கள் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை அவர் அடுத்த செமஸ்டர்வரை மறக்க மாட்டார். பொன்னாடையில் படம் இருப்பது போர்த்தி முடித்த நொடியில் இல்லை, விரித்துத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோகும்போதும் இல்லை. முடித்துவிட்டு இரண்டு பேரும் கைகூப்பிச் சிரிப்பார்களே, அங்கே இருக்கிறது. அப்போது மெதுவாக "சார்" என்று ஒரு குரல் கொடுத்தால் இருவரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள்.

இன்னொன்று, இப்போது எந்தக் கல்லூரியிலும் கேட்பார்கள்: ஜியோடேக் போட்டோ. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டு ஆவணங்களில் இடமும் தேதியும் பதிந்த படங்களை இணைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் டிஎஸ்எல்ஆரில் பெரும்பாலும் ஜிபிஎஸ் இருக்காது. அதனால் போனில் இடத்தைப் படத்தின் மேலேயே அச்சிடும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு படம் போனிலும் எடுத்துவிடுங்கள். கலைநயம் எல்லாம் வேண்டாம், பேனரும் கூட்டமும் தெரிந்தால் போதும். துறையில் உங்கள் பெயர் பரவுவதற்கு நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த போர்ட்ரெய்ட்டைவிட இந்த இரண்டு படம் அதிகம் உதவும். வருத்தமான விஷயம்தான், உண்மை.

அன்று ராத்திரியே நல்லதாகப் பதினைந்து படம் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுங்கள். சும்மா வாட்ஸாப்பில் போட்டால் தரம் இறங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் அல்லது டிரைவ் லிங்க் கொடுங்கள். மீதியை மூன்று நாளில் கொடுக்கலாம். எனக்கு இரண்டாவது, மூன்றாவது வாய்ப்பு வந்ததற்குக் காரணம் படத்தின் அழகு கிடையாது, மறுநாள் காலை செய்திக்குறிப்பு அனுப்பும்போது அந்த ஆசிரியர் கையில் படம் தயாராக இருந்ததுதான்.

கல்ச்சுரல்ஸ் இதற்கு அடுத்த படி. சென்னை ஐஐடியின் சாரங், திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டம்பர் மாதிரி விழாக்களை மாணவர்களே நடத்துகிறார்கள், உங்கள் கல்லூரியிலும் சின்ன அளவில் ஒன்று இருக்கும், அதன் மீடியா டீமில் நுழைந்துவிடுங்கள். மேடை நடனம் எடுத்துப் பழகியவருக்கு அப்புறம் ரிசப்ஷன் பாட்டுக் கச்சேரி ஒன்றுமே இல்லை. பின்னணி கும்மிருட்டு, முகத்தில் மட்டும் ஸ்பாட்லைட். கேமராவை அதன் போக்கில் விட்டால் இருட்டைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், முகம் வெள்ளையாக எரிந்துபோகும். மேனுவலில் போட்டு 1/250 விநாடி ஷட்டர், லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்திறன்) 1600 அல்லது 3200 என்று ஆரம்பித்து முகத்தை மட்டும் பார்த்துச் சரிசெய்யுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தால் வரட்டும். நாய்ஸ் உள்ள படத்தை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை, ஆடிப்போன படத்தைத்தான் கொடுப்பார்கள்.

விளக்கு பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லாமல் ஒரு வருஷம் குழம்பினேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடிகளும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டருக்குத் தெரியும். ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, சில சமயம் குறுக்கே பட்டை பட்டையாக வரும். ஹாலுக்குள் ஆள் பெரிதாக நகராத நேரத்தில் 1/100 அல்லது 1/50 வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரை மட்டும் தனிக் கதை, அதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஷட்டரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை.

கேமரா வாங்குவது

ஆறு மாதம் கடன் கேமராவில் ஓட்டியபிறகும் ஆசை குறையவில்லை என்றால் வாங்குங்கள், செகண்ட்ஹேண்டில். புதிதாக வாங்கும் காசில், கூடவே வரும் சாதாரண கிட் லென்ஸோடு ஒரு ஆரம்பநிலை கேமராதான் வரும், அதே காசுக்குப் பழைய நடுத்தரக் கேமராவும் உருப்படியான லென்ஸும் கிடைக்கும். உதாரணத்துக்கு 2015இல் வந்த நிக்கான் டி7200. அதில் இரண்டு மெமரி கார்டு போடலாம், ஒரே படத்தை இரண்டிலும் எழுதவைக்கலாம். ஃபங்ஷன் வேலைக்கு இந்த ஒரு வசதி மற்ற பத்துக்குச் சமம், ஏன் என்று கீழே சொல்கிறேன். லென்ஸில் எல்லாரும் 50 எம்எம் எஃப்/1.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும்) வாங்கச் சொல்வார்கள், மலிவு, முகம் அழகாக வரும், சரி. ஆனால் சின்ன சென்சார் கேமராவில் அது 75, 80 எம்எம் மாதிரி நடந்துகொள்ளும், மண்டபத்து மணவறையில் பின்னால் போகப் போகச் சுவர்தான் இடிக்கும். முதல் லென்ஸ் டாம்ரான் 17-50 எஃப்/2.8 மாதிரி ஒன்றாக இருக்கட்டும், பழையதாகவே நிறையக் கிடைக்கிறது.

பழையது வாங்கும்போது லென்ஸுக்குப் பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள், டி7200இன் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது, ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் பேரம் பேசக் காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைப் பாருங்கள், நடுவில் ஒரு புள்ளி இருக்க வேண்டும். கேனான் 200டி மார்க் II மாதிரி சில ஆரம்பநிலை கேமராக்களில் அந்த நடுப்புள்ளியே கிடையாது, நண்பனிடம் கடன் வாங்கிய மலிவு மேனுவல் ஃப்ளாஷை அதில் மாட்டினால் ஒன்றுமே நடக்காது. என் ஜூனியர் ஒருவன் ஃப்ளாஷ் ரிப்பேர் என்று நினைத்து இரண்டு கடை ஏறி இறங்கினான்.

ஃப்ளாஷை முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள், கூரையில் அடித்துத் திருப்புங்கள் என்பது எல்லாரும் சொல்வது. யாரும் சொல்லாதது, கூரைக்கு ரோஸ் துணி கட்டியிருந்தால் மாப்பிள்ளையும் ரோஸ் ஆகிவிடுவார். அப்படிப்பட்ட மண்டபத்தில் பக்கத்துச் சுவர் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இல்லையென்றால் வீடியோக்காரரின் லைட்டோடு சமாதானமாகப் போவதுதான் புத்திசாலித்தனம். ரா ஃபார்மேட்டில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக எடுத்தால் நிறத்தைப் பிற்பாடு மீட்கலாம். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட முடியாவிட்டால் டார்க்டேபிள் இலவசம்.

அண்ணனிடம் வேலை கற்பது

நேராகக் கல்யாண ஆர்டர் பிடிக்காதீர்கள். இதில் மட்டும் நான் கறார். சிம்போசியம் சொதப்பினால் அடுத்த மாதம் இன்னொன்று வரும், தாலி கட்டுவது திரும்ப வராது. ஊரில் ஒரு நல்ல ஸ்டூடியோவைப் பார்த்து, சாயந்திரம் கூட்டம் இல்லாத நேரத்தில் போய், "அண்ணா, முகூர்த்த நாளுக்கு ஆள் வேணும்னா கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரே நாளில் மூன்று கல்யாணம் இருக்கும்போது அவர்களுக்குக் கட்டாயம் ஆள் தேவைப்படும். முதலில் லைட் பிடிக்கச் சொல்வார்கள். பிடியுங்கள். லைட் பிடிப்பவன் நிற்கும் இடத்திலிருந்து முழுக் கல்யாணமும் தெரியும், கேமரா பிடித்தவருக்கு அது தெரியாது. நான்கைந்து கல்யாணத்துக்கு அப்புறம் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காத இயல்பான படம் எடுக்கக் கேமராவைக் கொடுப்பார்கள்.

சம்பளத்தை வண்டி ஏறுவதற்கு முன்பே பேசுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இரண்டு நாள் வெளியூரில் வேலை பார்த்தேன், "ஆல்பம் காசு வந்ததும் தரேன் தம்பி" என்றார்கள், ஆல்பமும் போயிற்று, அந்தத் தம்பியும் படிப்பை முடித்துவிட்டான், காசு இன்னும் வரவில்லை. பேசியதை வாட்ஸாப்பில் ஒரு வரியாகப் போட்டு, "சரிங்களாண்ணா" என்று கேட்டு வையுங்கள், கோபித்துக்கொள்ளும் ஆளிடம் வேலைக்குப் போக வேண்டாம்.

சடங்குகளைப் படிப்பதுதான் இந்தத் தொழிலின் பாடப்புத்தகம். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஊருக்கும் முறை மாறும், ஐயர் வந்தவுடன் ஐந்து நிமிடம் அவரிடம் பேசி வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே சொல்வார்கள். தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் எல்லாரிடமும் ஆசீர்வாதம் வாங்க எடுத்துப் போவார்களே, அதுதான் உங்களுக்கான மணி. அதற்கு அப்புறம் பேட்டரி மாற்றுவது, கார்டு மாற்றுவது, பாத்ரூம் போவது எதுவும் கிடையாது. தட்டு திரும்பி வந்ததும் பெரியவர் ஒருவர் விரலை உயர்த்துவார், கெட்டிமேளம் எகிறும், அட்சதை உங்கள் பிடரியில் விழும், சொந்தக்காரர்களின் போன்கள் எல்லாம் உங்கள் முன்னால் முளைக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சின்னக் கேமரா பத்துப் பன்னிரண்டு ரா படத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும், சரியாக அந்த நொடியில்தான் நிற்கும். இரண்டு மூன்று படமாக விட்டு விட்டு எடுங்கள். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார் போடுகிற வழக்கம் உள்ள வீடு என்றால் நாத்தனார் முகத்துக்கும் ஒரு படம் வேண்டும். அதை விட்டுவிட்டால் ஆல்பம் கொடுக்கப் போகும் அன்று தெரியும்.

உறவுமுறை தெரியாமல் குரூப் போட்டோ எடுக்க முடியாது. பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், வாய் ஓயாத ஆளாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், "தாய்மாமா வந்துட்டாரா, பெரியப்பா எங்கே" என்று கூப்பிடுகிற வேலையை அவர்கள் பார்ப்பார்கள். காதுகுத்தில் தாய்மாமன் மடி, மஞ்சள் நீராட்டில் தாய்மாமன் சீர், எங்கே போனாலும் தாய்மாமனை விட்டுவிடாதீர்கள், குடும்பச் சண்டைக்கு நாம் காரணமாக இருக்க வேண்டாம். அப்புறம் சாப்பாடு. முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் நீங்கள் நாலு மணிக்கே அங்கே இருப்பீர்கள், காலை டிபன் கிடைக்க ஒன்பதாகும், பையில் கடலைமிட்டாய் இருக்கட்டும். மணவறைமேல் செருப்போடு ஏற முடியாது, லேஸ் கட்டும் ஷூ போட்டுக்கொண்டு போனால் பத்து தடவை கழற்றி மாட்டுவதிலேயே பாதிப் படம் போய்விடும்.

மாணவிகளுக்கு இந்த வேலையில் ஒரு பக்கம் வழி திறந்தே இருக்கிறது. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, மணப்பெண் அலங்கார அறை இங்கெல்லாம் பெண் போட்டோகிராஃபர்தான் வேண்டும் என்று தேடும் வீடுகள் நிறைய, ஆள்தான் இல்லை. ராத்திரி திரும்பி வரும் வண்டிச் செலவை உங்கள் தொகைக்குள் ஒளித்துவைக்காமல் தனியாகக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

தனியாக ஆர்டர் எடுக்கும்போது பிறந்தநாள், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்று தொடங்குங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை படம் எடிட் பண்ணித் தருவீர்கள், எத்தனை நாளில், ஆல்பம் உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு, இதெல்லாம் ஒரே மெசேஜில் இருக்கட்டும். ஆல்பம் என்றால் பெரும்பாலும் 12க்கு 36 இஞ்ச் தாளில் கரிஷ்மா ஆல்பம்தான் (டிசைன் பண்ணிய பக்கங்களை அப்படியே அச்சிட்டுக் கட்டுவது) கேட்பார்கள், அச்சகத்தில் ஒரு தாளின் விலையை விசாரிக்காமல் "சேர்த்துத் தர்றேன்" என்று வாய் விடாதீர்கள், மொத்த லாபமும் அதிலேயே போய்விடும். ஜிஎஸ்டி என்று யாராவது பயமுறுத்தினால், சேவைத் தொழிலுக்கு வருஷ மொத்த வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு தேவை, அந்தக் கவலை நமக்கு இப்போதைக்கு இல்லை.

எடுத்த படம் என்னுடையது, இன்ஸ்டாகிராமில் போடுவேன் என்று நினைப்பவர்கள் கவனிக்க. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். சட்டத்தை விடுங்கள், கல்யாணப் பெண்ணின் படத்தை அவருக்குத் தெரியாமல் போடுவது முறையில்லை. அட்வான்ஸ் வாங்கும்போதே "பத்து படம் என் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா" என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கீழே சொல்கிறேன் என்றேனே, அந்தக் கார்டு கதை. மூன்றாவது வருஷம் ஒரு காதுகுத்து. ஒரே கார்டு, 128 ஜிபி, எல்லாம் அதிலேயே. வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபார்மேட் பண்ணச் சொல்லிக் கேட்கிறது. கை நடுங்கியது என்றால் நம்புங்கள். நல்லவேளை ஃபார்மேட் பண்ணவில்லை, அதில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்கவில்லை. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டதில் முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது, ஊசி குத்திய படம் உட்பட, பாயசம் சாப்பிடும் படங்கள் போய்விட்டன. அன்றிலிருந்து பெரிய கார்டு ஒன்றுக்குப் பதில் சின்னதாக நாலு, வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை வைத்து முழுக்க எழுதிப் பார்த்து அது போலி இல்லை என்று உறுதிசெய்வது, வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்னாலேயே லேப்டாப்பிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் நகல் எடுப்பது, ஆல்பம் கையில் கொடுக்கும்வரை கார்டை அழிக்காமல் இருப்பது.

கடைசியாகக் காலண்டர். தினசரி காலண்டரில் முகூர்த்த நாட்களைப் பட்டியலாக அச்சிட்டிருப்பார்கள், செமஸ்டர் அட்டவணை வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து சிவப்புப் பேனாவால் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் நவம்பர் தேர்வோடு மோதும், சித்திரை, வைகாசி ஏப்ரல், மே தேர்வோடு மோதும், அண்ணன் போன் பண்ணும்போது "பார்க்கிறேண்ணா" என்று இழுக்காமல் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிட்டால் அவரே மறுபடி கூப்பிடுவார், முந்தின நாள் கைவிரித்தால்தான் கூப்பிட மாட்டார். ஆடி, புரட்டாசி, மார்கழியில் பெரும்பாலும் கல்யாணம் இருக்காது. அரியரை எழுதி முடிக்கவும், கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுக்கவும் அந்த மாதங்கள். மழைக்காலத்தில் லென்ஸைப் பையிலேயே போட்டுவைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிவையுங்கள். அரிசி போடாதீர்கள், அதன் தூசி லென்ஸுக்குள் போகும்.